பாங்கு கேட்ட பேய்

எனக்குப் பேய்ப்படங்களைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. இருக்கக்கூடாதா என்ன? எண்பதுகளில் கல்முனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்தது. எழுதிவைத்தவள் நான் ஒருத்திதான். நாற்பது தாள் கொப்பி. முன்மட்டையில் 'தையல்' என்று எழுதியிருந்தேன், வாப்பாவின் கையில் அகப்பட்டாலும் திறந்து பார்க்கமாட்டார் என்பதற்காக. அந்தக் கொப்பி பாண்டிருப்பில் என்னோடு படிப்பித்த டீச்சர் வீட்டுக்கும் போனது, சம்மாந்துறையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கும் போனது. நான் நல்லதென்று எழுதிய படக் கெசட்டை அங்கே வாடகைக்கு எடுத்தார்கள். கூடாதென்று எழுதியதை இன்னும் வேகமாக எடுத்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள், நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு, என் ராத்தாவின் வீட்டு ஹோலில் படம் தொடங்கும். ராத்தா எனக்கு மூத்தவள். எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார். அப்படி வாப்பா கட்டிய கல்வீட்டை ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் நானும் அதே வளவில் பின்பக்கச் சின்ன வீட்டில் இருந்தோம். ஜன்னல்களுக்கு ஆண்களின் சாரங்களைக் கட்டி இருட்டாக்குவோம். வாடகை வீடியோ டெக்கும் டீவியும் மேசையில் ஏறும். முப்பது நாற்பது பெண்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தொதலும் தேத்தண்ணியுமாக நாலு படம் பார்ப்போம். வருஷத்துக்கு ஒரேயொரு தரம். நாலும் பேய்ப்படம். ஆண்களுக்கு அன்றைக்கு ஹோலில் இடமில்லை.

ஏன் பேய்ப்படம் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் ஒரு குடும்பப் படம் போட்டோம். அரை மணித்தியாலத்தில் ஒரு சோடி மழையில் நனையத் தொடங்கிவிட்டது. கிழவிமார் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். உம்மா எழுந்து போய் வயரையே பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான், பேய்ப்படத்தில் காதல் இராது என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். அதை யார் கண்டுபிடித்தார்களோ, அவர் ஒரு பேய்ப்படமும் பார்த்திருக்கமாட்டார். தனியாக இருக்கிற சோடியைத் தேடித்தான் பேயே வரும்.

அதனால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அரிசி புடைக்கிற சுளகைக் கையில் வைத்துக்கொண்டு டீவிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். கூடாத காட்சி வந்தால் சுளகால் மறைக்கவேண்டும். எங்கே வரும் என்று தெரிவதற்காக நான் நாலு படத்தையும் முந்தின நாளே தனியாகப் பார்த்துவிடவேண்டும். டீச்சர் வேலை பார்க்கிற பிள்ளை, பொறுப்பானவள் என்று என்னை நம்பினார்கள். சுளகுக்கு முன்னால் இருந்தவர்கள் பாதிப் படம் பார்த்தார்கள், நான் முழுப்படத்தையும் இரண்டு தரம் பார்த்தேன். அபிப்பிராயம் வராமல் என்ன செய்யும்?

பெருநாளுக்குப் பெரிய கம்பனிப் படங்கள் எல்லாம் கடையில் முந்தியே போய்விடும். எங்களுக்கு மிஞ்சுவது பெயர் தெரியாத படங்கள். நாலு கூட்டாளிமார் சேர்ந்து, ஒரு வீடு, ஒரு காடு, ஒரு வாளி சிவப்புச் சாயம், இவ்வளவையும் வைத்துக்கொண்டு எடுத்த படங்கள். எந்தப் பாஷை என்றுகூடச் சில நேரம் பிடிபடாது. குவைத்திலிருந்தோ கட்டாரிலிருந்தோ யாரோ கொண்டுவந்த கெசட்டுக்குக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பிக்கு இன்னொரு கொப்பி எடுத்து எங்களிடம் வந்துசேரும்போது, திரையில் பேய் எது கோடு எது என்று தெரியாது. ஆனாலும் எனக்கு அந்தப் படங்களைத்தான் பிடித்தது. காசுக்காரர்களின் பேய் பாட்டுப் பாடிக்கொண்டு வரும். இல்லாதவர்களின் பேய் பேசாமல் வந்து நிற்கும். பேசாமல் வந்து நிற்பவர்களுக்குத்தான் நான் பயம்.

கொப்பியில் இருந்தவற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு படத்தில் ஒரு பெரிய வீட்டின் கதவுகள் தானாகத் திறந்து தானாக மூடின. ஒன்றரை மணித்தியாலம் அதுதான். 'கடற்காற்றுக்கு எங்கள் வீட்டுக் கதவும் வருஷம் முழுக்க இதைத்தான் செய்கிறது, ஒரு செங்கல்லை வைத்தால் சரி' என்று எழுதினேன். இன்னொன்றில் ஏழு இளந்தாரிகள் காட்டுக்குப் போய் ஒவ்வொருத்தராகச் செத்தார்கள். ஐந்தாவது ஆள் விளக்கை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போனபோது எதிர்வீட்டு மாமி, "இவனுக்குப் போற வழியில மௌத்து எழுதியிரிக்கி, நாம என்ன செய்யிற" என்று சொல்லிவிட்டுத் தொதல் தட்டை என் பக்கம் தள்ளினார். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எழுதியதில்லை. ஒரு படத்தில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. ஒரு கிழவர் கிணற்றடிக்குப் போவார், எட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார். கடைசியில் போனவர் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். ஹோல் முழுக்க "என்ன படம்கா இது" என்று திட்டினார்கள். நான் அந்தக் கிழமை முழுக்க எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது உள்ளே பார்க்கவில்லை. கொப்பியில் அதற்கு முதலிடம் கொடுத்தேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைச் சேலைப் பேய்கள் எங்கள் ஒழுங்கையில் எடுபடவே இல்லை. எங்கள் ஊரில் புருஷன் மௌத்தானால் பெண் வெள்ளை உடுத்து நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருப்பாள். ஆகவே வெள்ளைச் சேலை திரையில் நடந்து வந்தால் எங்கள் கிழவிமாருக்குப் பயம் வராது, கோபம்தான் வரும். "இத்தாவில இரிக்கிறவ ஏன் வெளிய வந்த?" என்று கேட்பார்கள். நான் அந்த வகைப் படங்களுக்கு ஒரு வரிதான் எழுதுவேன். வீட்டில் இருக்கச் சொல்லவும்.

இப்படி வாய்நீளமாக எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வருஷம் சோதனை வந்தது. ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், சவூதியிலிருந்து லீவில் வந்து இறங்கினார். மற்றவர்கள் மின்விசிறி கொண்டுவந்தார்கள், போர்வை கொண்டுவந்தார்கள். இவர் தோளில் வைத்துப் படம் பிடிக்கிற வீடியோக் கமெரா ஒன்றைக் கொண்டுவந்தார். உம்மா அந்தப் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துபார்த்துவிட்டு, "இதுல சோறாக்கேலுமா?" என்று மட்டும் கேட்டார்.

மச்சானுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. காரணம் அவருடைய மகள். அவள் பிறந்து நாற்பதாம் நாள் அவர் விமானம் ஏறினவர். மூன்றரை வருஷமாக மாதத்துக்கு ஒரு கெசட்டில் குரல் பதித்து அனுப்புவார். "மகள், வாப்பா கதைக்கிறன்" என்று சத்தமாக, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரித் தொடங்குவார். ராத்தா அதை டேப் ரெக்கோடரில் போட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக் கேட்பாள். பிள்ளைக்கு வாப்பா என்றால் அந்த டேப் ரெக்கோடர்தான். விழுந்தால் போய் அதைக் கட்டிப்பிடிப்பாள். பிஸ்கட் கிடைத்தால் பாதியை அதன் மேல் வைப்பாள். தாடியும் சிவந்த கண்ணுமாக ஒரு ஆள் வந்து "நான்தான் வாப்பா" என்று மெல்லிய குரலில் சொன்னபோது, அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊரைக் கூட்டினாள். இரண்டு மாதமாகியும் கிட்டப் போகவில்லை. 'சவூதி மாமா' என்று பெயர் வைத்திருந்தாள். மச்சான் சிரித்துக்கொண்டே இருப்பார், பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

லீவு முடிய மூன்று கிழமை இருந்தது. டிக்கட் அலுமாரிக்குள் இருந்தது. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்து இங்கேயே பிழைக்கலாம் என்பது மச்சானின் எண்ணம். உம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. "ஆம்பிள ஆள் பொம்புளகள்ர கலியாணத்தில பெட்டி தூக்கித் திரியிறதா, அதுவும் ஒரு தொழிலா?" என்றார். அப்போதுதான் ராத்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. பெருநாள் படங்களில் மச்சானே எடுத்த ஒரு பேய்ப்படத்தையும் சேர்த்துப் போடுவது. நாற்பது பெண்களும் பார்த்து மெச்சினால் கலியாண வீடுகள் தானாகக் கூப்பிடும், உம்மாவும் இறங்கிவருவார். எடுபடாவிட்டால் மச்சான் விமானம் ஏறவேண்டியதுதான். அதை மச்சானும் ஒத்துக்கொண்டார்.

"நீதான் கொப்பியில நல்லா எழுதணும்" என்றாள் ராத்தா என்னிடம்.

"நல்லா இருந்தா எழுதுவன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கு முழுக்க ராத்தா என்னோடு கதைக்கவில்லை.

கதை மச்சானுடையது. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை, மனைவி கரையில் மீன்வாடிக் குடிசையில் காத்திருந்தே செத்துப்போகிறாள், செத்த பிறகும் காத்திருக்கிறாள். வாடியில் தங்க வருகிற ஆளாக மச்சானின் கூட்டாளி நடித்தார். பேய்க்குத்தான் ஆள் இல்லை. கல்முனையில் எந்தப் பெண் வந்து பேயாக நடிப்பாள்? கடைசியில் ராத்தாவே நடித்தாள். முகம் தெரியாமல் தலைமுடியை முன்னால் விரித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று துணிந்துவிட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கூட்டாளிக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். உம்மாவிடம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறோம் என்றோம்.

வெளிச்சத்தில்தான் அந்தக் கமெரா நன்றாகப் பிடிக்கும் என்பதால் பின்னேரத்தில் எடுத்தோம். இருட்டு வேண்டும் என்பதற்காகக் கமெராக் கண்ணாடியில் நீலத் தாள் ஒட்டினார் மச்சான். ராத்தாவின் முகத்தில் அரிசிமா, கண்ணில் நிறையச் சுறுமா மை. முடி பறக்க நான் சுளகால் விசிறினேன். அது காட்சியை மறைத்த அதே சுளகு. ராத்தா வாடிக்குள்ளிருந்து கைகளை நீட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வருகிறாள், கூட்டாளி பின்வாங்குகிறார், எனக்கே உடம்பு ஒருதரம் குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு முடிந்ததும் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மச்சான் அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் சத்தத்தை மூடிவைத்து ஒருதரம் வேகமாக ஓட்டிப்பார்த்தார். திருத்தமாக இருக்கிறது என்றார். நானும் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் பிழையாகப் படவில்லை.

பெருநாள் மூன்றாம் நாள் மச்சானின் படத்தைக் கடைசியில் வைத்தேன். யாருடையது என்று முன்பே சொல்லிவிட்டேன், பேய் யார் என்று மட்டும் சொல்லவில்லை. ராத்தா இருப்புக் கொள்ளாமல் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். பிள்ளை பின்னறையில் நித்திரை. மச்சான் முன்னறையில் கதவுத்திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. "இது நம்மட கடக்கரையெலுவா?" என்று யாரோ கேட்டார்கள். "அந்த வாடி எண்ட காக்காட வாடி" என்று தன் அண்ணனின் வாடியை அடையாளம் காட்டினார் இன்னொருவர். பிறகு பேய் வந்தது. எதிர்வீட்டு மாமி கையில் எடுத்த தொதலை வாயில் வைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பாங்கு கேட்டது.

பாங்கு கேட்டால் எங்கள் பெண்கள் முக்காடு போடுவார்கள். யோசித்துப் போடுவதில்லை, கை தானாகப் போகும். நாற்பது கையும் தலைக்குப் போயின. டெக்கை நிற்பாட்டு என்று மாமி எனக்குச் சைகை காட்டினார். அப்போதுதான் ஒருத்தி, "அஸர் எப்பவோ முடிஞ்சே, மஹ்ரிபுக்கு இன்னும் நேரம் இரிக்கே" என்றாள். பாங்கு பள்ளிவாசலிலிருந்து வரவில்லை, டீவியிலிருந்து வந்தது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அங்கே பேயும் நீட்டிய கைகளை மடக்கி, வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து, ஒழுங்காக முக்காடு போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றது. எதிரில் பின்வாங்கிக்கொண்டிருந்த கூட்டாளியும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். பாங்கு முடியும்வரை பேயும் ஆளும் எதிரெதிரே அடக்கமாக நின்றார்கள்.

ஹோல் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். ஒரு கிழவி சிரித்துச் சிரித்து என் காலில் சாய்ந்துவிட்டார். எங்கள் நாலு பேருக்கும் அது ஏன் பிழையாகப் படவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. பாங்கு கேட்டதும் நானும்தானே சுளகைக் கீழே வைத்து முக்காடு போட்டேன். பாங்கு சொல்லும்போது கதைக்கக்கூடாது என்பதால் மச்சானும் நிற்பாட்டு என்று வாய் திறக்காமல் கமெராவை ஓடவிட்டிருக்கிறார். உலகத்தில் எந்தப் பேய்ப்படக்காரனும் விடாத பிழை.

முக்காடு போட்டதில் முடியெல்லாம் பின்னால் போய், பேயின் முகம் பளிச்சென்று தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. எல்லாருக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது. நாற்பது தலையும் உம்மாவின் பக்கம் திரும்பின. உம்மா அசையாமல் இருந்தார். கதவுத்திரைக்குப் பின்னால் மச்சான் என்ன நிலைமையில் இருந்திருப்பார் என்று நினைக்கவே எனக்கு அழுகை வந்தது. அலுமாரிக்குள் இருந்த டிக்கட்தான் என் கண்முன் நின்றது.

சிரிப்புச் சத்தத்தில் பிள்ளை எழும்பிவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஹோல் வாசலில் வந்து நின்றவள் டீவியைப் பார்த்தாள். மா அப்பிய முகமும் கரிய கண்ணுமாக அவளுடைய உம்மா நேரே அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். பிள்ளை வீரிட்டு அலறினாள். சத்தம் கேட்டு ராத்தா குசினியிலிருந்து ஓடிவந்தாள். அதே முகம் டீவியிலும் குசினி வாசலிலும் நின்றால் பிள்ளை என்ன செய்யும்? இன்னும் அலறிக்கொண்டு மூலையில் இருந்த டேப் ரெக்கோடரிடம் ஓடி அதைக் கட்டிப்பிடித்தாள். "வாப்பா, வாப்பா" என்று அதைத் தட்டினாள். அதற்குள் கெசட் இல்லை.

"மகள், வாப்பா கதைக்கிறன்."

கதவுத்திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. சத்தமாக, கெசட்டில் வருகிற அதே மாதிரி. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்தான். பிள்ளை தட்டுவதை நிறுத்தினாள். "பயப்புடாதீங்க மகள். வாப்பா இஞ்ச இரிக்கன்" என்றது குரல். அவள் டேப் ரெக்கோடரை ஒருதரம் பார்த்தாள், கதவுத்திரையை ஒருதரம் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, பாயில் இருந்தவர்களின் மடியையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி, திரைக்குள் நுழைந்தாள். திரைக்குக் கீழே இரண்டு பெரிய பாதங்கள் மட்டும் தெரிந்தன. பிள்ளையின் கால் தரையில் இல்லை. அவர் தூக்கிக்கொண்டார்.

ராத்தா கையில் சீனிப் போத்தலோடு நின்று அழுதாள். நானும் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"பேயாப் போயும் பாங்குக்கு முக்காடு போட்டிரிக்கா" என்றார் ராத்தாவைப் பார்த்து. "நான் வளத்த புள்ளதான்."

அவ்வளவுதான், மறுபடி சிரிப்புத் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டு மாமி என் பக்கம் திரும்பி, "அந்தப் பாங்கு வாற இடத்த இன்னொருக்காப் போடுகா" என்றார். மூன்று தரம் போட்டேன். மூன்றாந்தரம் அவர்கள் பேயைப் பார்க்கவே இல்லை. எங்கள் கரையை, வாடிக்குப் பின்னால் இழுத்துவைத்த தோணிகளை, தூரத்தில் தெரிந்த பள்ளிவாசலைப் பார்த்தார்கள். எத்தனையோ ஊர்ப் பேய்களைப் பார்த்தவர்கள், தங்கள் ஊரை அன்றைக்குத்தான் டீவியில் பார்த்தார்கள். மாமி எழும்பிப் போகும்போது கதவுத்திரைக்குக் கிட்ட நின்று, "மனே, அடுத்த மாசம் எண்ட மகள்ட கலியாணம். பெட்டியக் கொண்டு வாங்க" என்றார். உம்மா பக்கத்தில்தான் நின்றார். "அவர் வருவார்" என்று உம்மாவே பதில் சொன்னார்.

அன்றைக்குக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பொய் எழுத எனக்கு வராது. 'நீலத் தாள் கூடிவிட்டது. காகம் பறப்பது தெரிகிறது. பேய் பயமுறுத்தவில்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஒரு ஆளுக்காக முதலிடம்' என்று எழுதினேன். ராத்தா வாசித்துவிட்டு, இதுதானா நல்லா எழுதின என்று என் முதுகில் ஒன்று போட்டாள்.

மச்சான் போகவில்லை. விமானம் போகவேண்டிய நாள் அவர் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றார். அன்று காலை நான் ஹோல் கூட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை டேப் ரெக்கோடரின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள என்ன தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல சாச்சி" என்றாள். "வாப்பா வெளிய வந்துட்டாங்க."

மூடியைச் சாத்திவிட்டு விளையாடப் போனாள்.